கரி படிந்த வினைச்சொல்: கொலோன் நாட்குறிப்பு

முதல் நாள், டிசம்பர் 27

கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்துகொள்கிறது. நிலைய வாசலுக்கும் பேராலயத்துக்கும் நடுவே ஒரு சதுக்கமும் சில படிகளும்தான். 1248இல் கட்டத் தொடங்கி 1880இல் முடித்த ஆலயம். 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் இரண்டும் மழை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தன. கல் முழுவதும் கறுத்திருந்தது. படிகளில் பெட்டியை வைத்துவிட்டு, கையுறைக்குள் விரல் மரத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு பெரிய மொழிபெயர்ப்பு வேலையை முடித்த களைப்பில், ஐந்து நாள் சும்மா நடந்து திரியலாம் என்று வந்திருக்கிறேன். ஏரன்ஃபெல்ட் பகுதியில் ஒரு பாட்டியின் வீட்டில் மாடி அறை கிடைத்திருக்கிறது. பாட்டி இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டில் பிறந்தவர். கொலோன்காரர். பல்லில் வலு இருக்கிறது. அக்ரூட் கொட்டையை உடைத்துத் தின்றுகொண்டேதான் கதவைத் திறந்தார்.

சமையலறை மேசையில் ஒரு கூடை நிறைய அக்ரூட் கொட்டைகள் இருந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்த ஊர்ச் சந்தையில் வாங்கியதா என்று கேட்டேன்.

"இல்லை. யெஃப்ரிங்ஸ்ட்" என்றார்.

பதினைந்து ஆண்டுகளாக ஜெர்மனிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். இந்தச் சொல்லை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. புரியவில்லை என்றேன். பாட்டி எழுந்து, மளிகைப் பட்டியல் எழுதும் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்: ஃப்ரிங்ஸன். தெருமுனையில் ஒரு தோட்டம் இருக்கிறதாம். அதன் மரக்கிளை சுவரைத் தாண்டி நடைபாதைக்கு மேல் நிற்கிறது. இலையுதிர் காலத்தில் விழும் கொட்டையை வீட்டுக்காரர் பொறுக்குவதில்லை, பாட்டி பொறுக்குகிறார். அவருக்குச் சொந்தமானதில்லை, விலை கொடுத்து வாங்கியதும் இல்லை. ஆனாலும் திருட்டு என்று சொல்ல நா எழவில்லை. அந்த இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்தான் இது.

"இது ஒரு மனிதரின் பெயர். எங்கள் கர்தினால்" என்றார். யோசெஃப் ஃப்ரிங்ஸ். 1942 முதல் 1969 வரை கொலோன் பேராயராக இருந்தவர்.

ஜெர்மன் மொழியில் ஒரு மனிதரின் பெயரோடு 'என்' விகுதியைச் சேர்த்தால் வினைச்சொல் பிறந்துவிடும். தமிழில் 'செய்' என்றோ 'பண்ணு' என்றோ ஒரு துணைவினையைத் தேட வேண்டியிருக்கும். அவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. தந்திக் குறியீட்டுக்குப் பெயர் தந்த சாமுவேல் மோர்ஸிடமிருந்து 'மோர்ஸன்' வந்தது. பழங்களைக் கண்ணாடிச் சாடியில் காற்றுப் புகாமல் அடைத்துப் பாதுகாக்கும் முறையைப் பரப்பிய யோஹான் வெக்கிடமிருந்து 'ஐன்வெக்கன்' வந்தது. 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரோன்ட்ஜெனின் பெயர் ஏற்கெனவே 'என்' என்றுதான் முடிகிறது. அதனால் ஒட்டு எதுவும் தேவைப்படாமல் அந்தப் பெயரே 'எக்ஸ்ரே எடு' என்னும் வினையாகிவிட்டது.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கருவியையோ முறையையோ உலகுக்குக் கொடுத்தவர்கள். ஃப்ரிங்ஸ் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மறையுரையில் ஒரு வாக்கியம் சொன்னார். அதிலிருந்து ஒரு வினைச்சொல் எப்படி முளைத்தது? களைப்பெல்லாம் போய்விட்டது. ஐந்து நாளும் இதற்குத்தான் என்று படுக்கும்முன் முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாம் நாள், டிசம்பர் 28

காலையில் டிராம் ஏறி மிருகக்காட்சிசாலை நிறுத்தத்தில் இறங்கி, வடக்கே ரீல் பகுதிக்கு நடந்தேன். குளிர் காதைக் கடித்தது. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே திடீரென்று அந்த ஆலயம் தெரிந்தது.

புனித எங்கல்பெர்ட் ஆலயம். கட்டடக் கலைஞர் டொமினிகுஸ் போம் வடிவமைத்து 1930க்கும் 1932க்கும் இடையே கட்டப்பட்டது. ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'எலுமிச்சை பிழியும் கிண்ணம்'. பார்த்தவுடன் ஏன் என்று புரிகிறது. வட்டமான தரைத் திட்டம். அதைச் சுற்றி எட்டு வளைவுச் சுவர்கள், கூப்பிய கைகளைப் போல நுனி குவிந்து மேலே எழுகின்றன. செங்கல் சுவர். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் வட்டமான ஒரு சாளரம். மணிக்கூண்டு தனியாக ஓரத்தில் நிற்கிறது. நகரத்துக் கோதிக் பேராலயத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு இதுவும் அதுவும் ஒரே மதத்தைச் சேர்ந்தவையா என்றே சந்தேகம் வரும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வட்ட மண்டபம் மங்கலாக இருக்க, பீடம் இருக்கும் பக்கம் மட்டும் பக்கவாட்டுச் சாளரத்து ஒளியில் வெளுத்துத் தெரிந்தது. நடுவரிசையில் உட்கார்ந்தேன். மூச்சு புகையாக வந்தது. 1946 டிசம்பர் 31 மாலை கர்தினால் ஃப்ரிங்ஸ் பேசியது இங்கேதான். குண்டுகளால் சிதைந்த பேராலயத்தில் வழிபாடு நடத்த இயலாத காலம் அது. அதனால்தான் ஆண்டு முடிவு வழிபாடு புறநகரில் இந்தப் பங்கு ஆலயத்துக்கு வந்தது.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கொலோனின் பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இடிந்து கிடந்தது. மக்கள் நிலவறைகளிலும் பாதிச் சுவர் வீடுகளிலும் குடியிருந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்; எல்லாவற்றுக்கும் ரேஷன் அட்டை. அட்டையில் எழுதியிருந்த உணவே குறைவு, கைக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. சில வாரங்களில் ஒரு நாளுக்கு ஆயிரம் கலோரிகூடத் தேறவில்லை. அதன் மேல் அந்த நூற்றாண்டின் கொடிய குளிர்காலங்களில் ஒன்று வந்து சேர்ந்தது. ரைன் ஆற்றைப் பனிக்கட்டி அடைத்தது. கரி ஏற்றிய படகுகள் நின்றன. இத்தனைக்கும் கொலோனின் மேற்கு எல்லையிலேயே மண்ணைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி. அதைக் கட்டிகளாக அழுத்தி ஏற்றிய சரக்கு ரயில்கள் மக்களின் கண்ணெதிரே நகரத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. வீட்டு அடுப்புக்கு மட்டும் கரி இல்லை.

கர்தினால் அன்று பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துப் பேசினார். ஏழாம் கட்டளை வந்தது: களவு செய்யாதே. அந்த இடத்தில் அவர் சொன்னதன் சாரம் இது. நாம் வாழும் காலத்தில், தன் உழைப்பாலோ வேண்டிக் கேட்டோ பெற முடியாதபோது, தன் உயிரையும் உடல்நலத்தையும் காத்துக்கொள்ளத் தேவையானதை ஒரு தனிமனிதரும் இக்கட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த கருத்து இல்லை. சாகும் நிலையில் இருப்பவன் பிறர் பொருளை எடுத்தால் அது களவாகாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் எழுதியிருக்கிறார். குருமாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடம்தான். ஆனால் பாடப் புத்தகத்தில் இருந்தவரை அது கருத்து மட்டும்தான். நிலவறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மறுநாள் தண்டவாளத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த ஒரு தாயின் காதில் விழுந்தபோது அது வேறொன்றாகிவிட்டது.

மறையுரை அத்துடன் நிற்கவில்லை. அடுத்த வாக்கியத்தை இன்று மாலைதான் முழுதாகப் படித்தேன்; படித்துவிட்டு வெகுநேரம் அதிலேயே இருந்தேன். பல இடங்களில் இந்த எல்லையை வெகுதூரம் தாண்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அப்படித் தாண்டியவர்களுக்கு ஒரே வழிதான் உண்டு, முறையற்று எடுத்ததைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் இறைவனிடம் மன்னிப்பு இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

முதல் பாதி அனுமதி. இரண்டாம் பாதி எச்சரிக்கை. ஊருக்குள் பரவியது முதல் பாதி மட்டும்தான். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ரயிலில் கரி எடுப்பதற்குப் பேராயரே ஆசி வழங்கிவிட்டார் என்று ஆகிவிட்டது. கர்தினால் பிறகு விளக்கம் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. அதற்குள் சொல் பிறந்துவிட்டது. 'இஷ் ஃப்ரிங்ஸே', நான் ஃப்ரிங்ஸ் செய்கிறேன். 'ஏர் ஃப்ரிங்ஸ்ட்', அவன் செய்கிறான். செய்து முடித்துவிட்டால் 'கெஃப்ரிங்ஸ்ட்'. கொலோன் பேச்சில் 'கெ' என்பது 'யெ' ஆகும். அதனால்தான் பாட்டி 'யெஃப்ரிங்ஸ்ட்' என்றார்.

மூன்றாம் நாள், டிசம்பர் 29

இன்று அதிகம் நடக்கவில்லை. கெரியோன் சரக்கு ரயில் நிலையம் எங்கே என்று பாட்டியிடம் கேட்டேன். "போய்ப் பார், எதுவும் இருக்காது" என்றார். உண்மைதான். அந்த இடத்தில் இப்போது மீடியாபார்க் என்னும் வளாகம் எழுந்திருக்கிறது. செயற்கை ஏரி, கண்ணாடிக் கட்டடங்கள், திரையரங்கு. குழந்தைகள் வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டவாளம் இருந்ததற்கான தடயத்தைத் தேடி ஏரியைச் சுற்றி வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்று நான் உண்மையில் போய்ச் சேர்ந்த இடம் பாட்டியின் சமையலறைதான்.

அந்தக் குளிர்காலத்தில் பாட்டிக்கு ஏழு வயது. அப்பா போர்க்கைதியாக எங்கோ இருந்தார். அம்மா, பாட்டி, நான்கு வயதுத் தம்பி மூவரும் இடிந்த வீட்டின் நிலவறையில் இருந்தார்கள். இருட்டியதும் அம்மா ஒரு தகர வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புவாராம். சரக்கு ரயில் சைகைக்காக வேகம் குறைக்கும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய பையன்கள் ஓடும் பெட்டியில் தொற்றி ஏறுவார்கள். மேலிருந்து கரிக் கட்டிகளை எட்டி உதைத்துத் தள்ளுவார்கள். கீழே பெண்கள், பாவாடையை விரித்தபடி, வாளியோடு, குழந்தை வண்டியோடு. யாரும் பேச மாட்டார்கள். கட்டிகள் சரளையில் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

"எப்படிப்பட்ட சத்தம்?" என்று கேட்டேன். பாட்டி கொஞ்சம் யோசித்தார். கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி அக்ரூட்டை அள்ளி, மேசை மேல் ஒவ்வொன்றாக விழவிட்டார்.

அவருடைய வேலை உடைந்த துண்டுகளைப் பொறுக்குவது. முழுக் கட்டிகளைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விழுந்து நொறுங்கிய துண்டுகளும் தூளும் சரளைக்கற்களின் இடுக்கில் கிடக்கும். சின்ன விரல்களுக்குத்தான் அது எட்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு முழுக் கட்டியை எடுத்து ஈரச் செய்தித்தாளில் இறுகச் சுற்றி அடுப்பில் வைப்பார். ஈரத்தாளில் சுற்றிய கரி எரியாது, கனன்றுகொண்டே இருக்கும். விடியும்வரை அடுப்பு அணையாது. அதன் மேல் காலை வைத்துத் தூங்கியதாகப் பாட்டி சொன்னபோது தன் பாதங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

எல்லா இரவும் இப்படி முடியவில்லை. கையில் விளக்கோடு காவலர்கள் வந்திருக்கிறார்கள். ஓடும் பெட்டியிலிருந்து தவறி விழுந்து காலை இழந்த பையன் ஒருவன் அவர் தெருவில் இருந்தான். அவன் பெயரைச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

இதற்குக் கொலோன் பேச்சில் பழைய பெயர் 'க்ளுட்டன்க்ளாவ்'. க்ளுட்டன் என்றால் கரிக் கட்டி, க்ளாவ் என்றால் திருட்டு. டிசம்பர் 31க்கு முன்னால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். திருட்டுக்கு ஜெர்மனில் சொற்களுக்கா பஞ்சம்? பாட்டியும் நானும் உட்கார்ந்து தாளில் எழுதினோம். 'ஸ்டேலன்' என்பது கட்டளையிலும் சட்டத்திலும் வரும் கனமான சொல். 'க்ளாவன்' என்பது நகத்தையும் கூருகிரையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பறவை கொத்திப் பறப்பதைப் போல எடுத்துக்கொண்டு ஓடுவது. 'ஸ்டிபிட்ஸன்' என்பது பிள்ளைகள் பண்டப் பாத்திரத்தில் கைவைப்பது. 'ஓர்கனிஸீரன்' என்றால் ஏற்பாடு செய்வது. ராணுவ வீரர்கள் அதை எங்கிருந்தோ கிளப்பிக்கொண்டு வருவதற்குப் பயன்படுத்தினார்கள். 'ஹாம்ஸ்டர்ன்' கன்னத்தில் தானியத்தை அடக்கிக்கொள்ளும் ஹாம்ஸ்டர் எலியிலிருந்து வந்தது. அந்த ஆண்டுகளில் நகரத்துப் பெண்கள் மேசைத் துணியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய் உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டு வருவதற்கு அந்தச் சொல். கொலோனுக்கே உரிய 'மக்கெல்ன்' என்றால் கள்ளச்சந்தைப் பேரம்.

இத்தனை இருந்தும் ஏன் இன்னொன்று? பாட்டியின் பதிலை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மெர் ஹான் நிட் யெக்லாவ்ட், மெர் ஹான் யெஃப்ரிங்ஸ்ட்." நாங்கள் திருடவில்லை, ஃப்ரிங்ஸ் செய்தோம். "என் அம்மா திருடி அல்ல. அதுவரை அவரைச் சொல்ல அந்த ஒரு சொல்தான் இருந்தது. மறுநாளிலிருந்து இன்னொன்று கிடைத்தது."

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது நம் மொழி. பறந்துபோகும் பத்தில் மானமும் ஒன்று. தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிப்பதைச் செய்யாதே என்று படித்து வளர்ந்த எனக்கு, இந்தச் சொல் முதல் இரண்டு நாளும் கொஞ்சம் உறுத்தியது. இன்று உறுத்தவில்லை. அந்தப் பெண்கள் கேட்டது கரியை மட்டும் அல்ல. கரியோடு மானத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சொல் வேண்டியிருந்தது. அதை மேலே இருந்து யாரும் தரவில்லை. பேராயர் வாக்கியத்தைத்தான் சொன்னார். அதை வினையாக மாற்றியது தண்டவாளத்தில் நின்றவர்கள்.

நான்காம் நாள், டிசம்பர் 30

7ஆம் எண் டிராம் ஃப்ரெகன் வரை போகிறது. கரி வந்த ஊரைப் பார்க்கப் போனேன். கட்டி செய்த கடைசித் தொழிற்சாலையும் 2022 முடிவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க அதிகம் இல்லை. திரும்பும் வழியில் பழம்பொருள் விற்கும் ஒரு சின்னக் கடையில் கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது அது என் எதிரே மேசையில் இருக்கிறது. ஒரு சின்ன ரொட்டித் துண்டு அளவு. முனைகள் மழுங்கி வளைந்திருக்கின்றன. அரைக் கிலோ இருக்கலாம். மேற்பரப்பு ஈரம் பட்ட கரும்பலகை போல மினுமினுக்கிறது. நடுவே 'யூனியன்' என்று எழுத்துகள் அழுத்திப் பதித்திருக்கின்றன. விரலால் தடவினால் கறுப்பாக அல்ல, அடர்ந்த பழுப்பாக ஒட்டுகிறது. முகர்ந்தால் மழை நின்ற பிறகு மரத்தடியில் வரும் மக்கிய வாசனை லேசாக வருகிறது. ஒரு காலத்தில் இது காடாக இருந்ததுதானே.

நெய்வேலியில் தோண்டுவதும் இதே பழுப்பு நிலக்கரிதான். அங்கே ஜெர்மன் சக்கர எந்திரங்கள் மண்ணை வெட்டின. கட்டியாக்கிக் கருக்கி 'லெகோ' என்று விற்றதை எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை அடுப்பில் எரித்திருக்கிறது. என் பாட்டி லெகோ கணப்பில் வெந்நீர் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டியைக் கையில் எடுத்தபோது எடை ஏன் பழக்கப்பட்டதாக இருந்தது என்று அப்புறம்தான் உறைத்தது.

பிற்பகலில் எஸ்-பான் ரயிலில் நோய்ஸ் நகருக்குப் போய்வந்தேன். ஃப்ரிங்ஸ் 1887இல் பிறந்த ஊர். நெசவாலை நடத்திய வசதியான குடும்பம். ரோமனெஸ்க் பாணியில் கட்டிய புனித குவிரினுஸ் ஆலயம் அழகு. வேறு எதையும் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. நோய்ஸையும் டூஸல்டோர்ஃபையும் இணைக்கும் ரைன் பாலத்துக்கு இப்போது அவர் பெயர் இருக்கிறது. பாலத்துக்குப் பெயர் வைப்பது நகராட்சியின் தீர்மானத்தில் முடிந்துவிடும். ஒரு வினைச்சொல்லுக்கு அப்படித் தீர்மானம் போட முடியாது. ரயிலில் எதிரே இருந்த கல்லூரி மாணவியிடம் 'ஃப்ரிங்ஸன்' தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பாட்டிக்குப் பின் இந்தச் சொல்லை யார் சமையலறையில் சொல்வார்கள்?

ஐந்தாம் நாள், டிசம்பர் 31

காலையில் பேராலயத்துக்குப் போனேன். 1978 டிசம்பரில் இறந்த ஃப்ரிங்ஸ் இங்கேதான் பேராயர்களின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பேராயரானபோது அவர் எடுத்துக்கொண்ட இலத்தீன் விருதுவாக்குக்கு 'மனிதர்களுக்காக நியமிக்கப்பட்டவர்' என்று பொருள். ஊரின் மிகப் பெரிய கட்டடத்துக்குள் அதை நினைத்துக்கொண்டு நடப்பது நன்றாக இருந்தது. கடைசிக் காலத்தில் ஏறத்தாழப் பார்வை இழந்துவிட்டார்.

மறையுரையின் இரண்டாம் பாதி மனத்தை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்ல ஒரு வினைச்சொல் பிறக்கவில்லையே. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கும் 'ஃப்ரிங்ஸன்' என்று ஒரு பொருள் வந்திருக்கலாம், வாக்கியம் அவருடையதுதானே. மக்கள் மொழி அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் அதை விட்டுவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1958இல் ஜெர்மன் ஆயர்கள் கூடியபோது, உலகத்தின் பசிக்கும் நோய்க்கும் எதிராக ஓர் அமைப்பு வேண்டும் என்று முன்மொழிந்தவர் இதே ஃப்ரிங்ஸ்தான். அப்படிப் பிறந்தது 'மிசெரெயோர்'. ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஆலயங்களில் அதற்காகக் காணிக்கை திரட்டுகிறார்கள். இந்தியாவிலும் அந்தப் பணம் வேலை செய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர், வயிறு நிறைந்ததும் அதே மக்களிடம் இப்போது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

இரவு. பாட்டி பட்டாணி சூப் வைத்திருந்தார். வெளியே பிள்ளைகள் நள்ளிரவுக்குக் காத்திருக்க மனமில்லாமல் இப்போதே பட்டாசு வெடிக்கிறார்கள். ஃப்ரெகனில் கிடைத்த கரிக் கட்டியை மேசை மேல் வைத்தேன். பாட்டி உடனே தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் பேசவில்லை.

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "அந்த மறையுரையில் இரண்டாவது பாதி ஒன்று இருக்கிறதே. திருப்பிக் கொடுப்பது. உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமல் இருக்குமா? அம்மா அன்றைக்கு ரீலில் இருந்தார். நானும்தான். அம்மாவின் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எதுவும் காதில் விழவில்லை, கதகதப்பாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது."

நிலவறைச் சுவரில் காரை பெயராத ஒரு பகுதியில் அம்மா பென்சிலால் கோடு போட்டு வந்தாராம். ஒரு வாளிக்கு ஒரு கோடு. புத்தாண்டுக்கு மறுநாள் தொடங்கி, பனி உருகும்வரை. 1948இல் புது மார்க் நாணயம் வந்து, அப்பாவும் திரும்பி வந்து, வீட்டைக் கட்டத் தொடங்கியபோது அந்தச் சுவரை இடித்தார்கள். இடிப்பதற்கு முன் அம்மா எண்ணி வைத்துக்கொண்டார். நாற்பத்தொன்று.

"யாரிடம் கொடுப்பது? ரயிலிடமா? ராணுவத்திடமா? யாரிடமும் கொடுக்க முடியவில்லை. அம்மா அதை உள்ளேயே வைத்திருந்தார்."

பிறகு மிசெரெயோர் வந்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அம்மா, அந்த ஆண்டு ஒரு வாளி கரி என்ன விலை என்று கடையில் விசாரித்துவிட்டு வருவார். அந்தத் தொகையை உறையில் போட்டுக் காணிக்கைப் பெட்டியில் இடுவார். ஆண்டுக்கு ஒரு வாளி. இருபத்தாறு வாளிகள் கொடுத்து முடித்திருந்தபோது இறந்துபோனார்.

மீதியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாட்டியே சொன்னார். "பதினைந்து. நான் கொடுத்தேன்."

கரிக் கட்டியை அக்ரூட் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சூப் ஆறுகிறது, சாப்பிடு என்றார்.